ஆங்கிலத்தின் வேற்றுமை உருபுகள் உதிர்ந்தது யாரால்: வைக்கிங்குகளாலா, நார்மன்களாலா?

கயல் (கேள்வி):
ஆங்கில மொழி வரலாற்றைத் தேர்வுக்காகப் படித்து வருகிறேன். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால்களும் நான்கு வேற்றுமைகளும் இருந்தன. இன்று பெயர்ச்சொற்களில் உடைமையைக் குறிக்கும் உருபு ஒன்றே எஞ்சியிருக்கிறது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன்கள் பிரெஞ்சு மொழியைப் புகுத்தியதே இதற்குக் காரணம் என்கிறது எங்கள் வகுப்புக் குறிப்பு. வேறு சிலர் வைக்கிங்குகளைக் காரணமாகச் சொல்கிறார்கள். எந்தப் படையெடுப்பு மொழியின் எந்தப் பகுதியை மாற்றியது என்பதை யாரேனும் விளக்க முடியுமா?

வழிப்போக்கன்:
உங்கள் குறிப்பு நார்மன்களுக்கு அளவுக்கு மீறிய பங்கைத் தருகிறது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடினார்கள் என்றாலும், கொள்ளையடித்துவிட்டுப் போகிறவர்களால் ஒரு மொழியின் இலக்கணம் மாறுவதில்லை. 865இல் வந்த பெரும்படையினரில் பலர் அங்கேயே நிலம் பிடித்துக் குடியேறியதுதான் திருப்பம். 878இல் எடிங்டனில் ஆல்ஃபிரெட் மன்னர் அவர்களை வென்ற பிறகும், இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் டேனியர் எனப்பட்ட அந்த வைக்கிங்குகளின் ஆட்சியிலேயே நீடித்தன. விட்பி, கிரிம்ஸ்பி, டெர்பி என 'பி'யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அந்தக் குடியேற்றத்தின் தடயங்கள்.

அவர்களுடைய நோர்ஸ் மொழியும் பழைய ஆங்கிலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பல சொற்களில் வேர் ஒத்திருந்தது, ஈறு மட்டுமே வேறுபட்டது. அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் வேரைக் கொண்டே ஒருவரையொருவர் புரிந்துகொண்டபோது, ஈறுகளின் தேவை குறைந்தது. 'ஸ்கின்', 'லெக்', 'விண்டோ', 'டேக்', 'லா' போன்ற அன்றாடச் சொற்களோடு, 'தே', 'தெம்', 'தேர்' என்ற படர்க்கைப் பன்மைப் பெயர்களும் நோர்ஸிலிருந்து வந்தவை. மூவிடப் பெயர்களை ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து எடுத்துக்கொள்வது மிக அரிது என்பதால், இதையே முதன்மையான சான்றாகக் கருதுகிறேன்.

ஏட்டுச்சுவடி:
வழிப்போக்கன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நோர்ஸ் மொழியை ஒரே காரணமாக்கிவிடக் கூடாது. சொல்லின் முதல் அசையிலேயே அழுத்தம் விழுந்ததால், ஈற்று உயிர்கள் முன்பே மங்கத் தொடங்கியிருந்தன. அண்டை வீட்டு நோர்ஸ் அந்தப் போக்கை விரைவுபடுத்தியது. வடக்கில் உருபுகள் முதலில் தேய்ந்ததும், கெண்ட் போன்ற தென்பகுதிகளில் அவை நெடுநாள் தங்கியதும் இதனோடு பொருந்துகின்றன.

நார்மன் வெற்றி செய்தது வேறொன்று. அதுவரை மேற்கு சாக்சன் வழக்கை (இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதி வட்டார வழக்கை) அடிப்படையாகக் கொண்ட எழுத்துமரபு ஒன்று நாடெங்கும் கடைப்பிடிக்கப்பட்டது. அரசும் திருச்சபையும் இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் மாறியதும் அதைக் காக்க ஆளில்லாமல் போயிற்று. பீட்டர்பரோ மடத்து நாளாகமத்தில் இதை நேரடியாகப் பார்க்கலாம். 1116இல் மடம் தீப்பிடித்து எரிந்த பின், பழைய ஆண்டுக் குறிப்புகளைத் துறவிகள் பழைய மரபின்படியே படியெடுத்தார்கள். ஆனால் 1154இல் முடியும் கடைசிப் பகுதியில் உருபுகள் பெரும்பாலும் சிதைந்துவிட்டன. பேச்சில் எப்போதோ நிகழ்ந்த மாற்றம் ஏட்டில் அப்போதுதான் வெளிப்பட்டது. 1066 திடீர் முறிவாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

கயல்:
மிக்க நன்றி. அப்படியானால் இத்தனை பிரெஞ்சுச் சொற்கள் எப்போது வந்தன?

ஏட்டுச்சுவடி:
நீங்கள் எதிர்பார்ப்பதைவிடத் தாமதமாக. 1204இல் ஆங்கில அரசு, நார்மன்களின் தாயகமான வட பிரான்சின் நார்மண்டியை இழந்த பிறகு, பிரபுக்களின் குடும்பங்கள் மெல்ல ஆங்கிலத்துக்கு மாறின. நீதிமன்றத்திலும் ஆட்சியிலும் தாங்கள் பழகியிருந்த 'ஜட்ஜ்', 'ஜூரி', 'பார்லிமெண்ட்' போன்ற சொற்களை அவர்கள் ஆங்கிலத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். 13, 14ஆம் நூற்றாண்டுகளில்தான் அவை பெருமளவில் நுழைந்தன. பிரெஞ்சு பலருக்குப் புரிவதில்லை என்று கூறி, நீதிமன்ற வழக்காடலை ஆங்கிலத்தில் நடத்த 1362இல் சட்டம் இயற்றப்பட்டதும் இதே காலத்தில்தான். தேர்வில் எழுதும்போது 1066ஐயும் இந்தக் காலத்தையும் பிரித்துக் காட்டுங்கள். பெரும்பாலான விடைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.