பலகை விளையாட்டு உருவாக்கும் பெண்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் சிலர் தக்காளி மண்டி ஏலத்தை வைத்து ஒரு பலகை விளையாட்டு உருவாக்கி வருகிறார்கள். விதிகள் ஓரளவு வந்துவிட்டன. ஆனால் பாதி ஆட்டத்திலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடுகிறது. இதைச் சரிசெய்யச் சொல்லித்தர ஆள் வேண்டும்.

பெண்ணாக இருந்தால் ரொம்ப நல்லது. விளையாட்டுப் பெட்டிகளில் உருவாக்கியவர் என்று இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவைதான். மோனோபோலிக்கு மூலமான விளையாட்டுக்கு 1904-இல் காப்புரிமை பெற்றவர் எலிசபெத் மேகி; பல பத்தாண்டுகள் பெயர் வாங்கியதோ சார்லஸ் டாரோ. எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கிய விங்ஸ்பேன் என்ற பலகை விளையாட்டு 2019-இல் ஜெர்மனியில் விருது வாங்கியதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு அவ்வளவு உற்சாகம்!

அப்புறம், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கொஞ்சமாக அட்டைகள் அச்சடித்துத் தருபவர்கள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.