மடக்குக்கூரை: 'ஆஃப்டர்மார்க்கெட் கன்வர்ட்டிபிள்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கூரையை மடக்கித் திறக்கும்படி கார் நிறுவனத்துக்கு வெளியே மாற்றிக் கட்டிய காரை ஆங்கிலத்தில் 'ஆஃப்டர்மார்க்கெட் கன்வர்ட்டிபிள்' என்கிறார்கள். நம் அகராதிக்காக அதற்கு ஐயா முன்வைத்த 'பின்சந்தை மாற்றத்தக்க ஊர்தி' என்ற தொடரை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் நல்ல தமிழ்தான். ஆனால் மூன்றையும் சேர்த்தால் எந்தக் காரும் கண்முன் வரவில்லை. 'மாற்றத்தக்க' என்றால் எதை மாற்றுவது? எஞ்சினையா, நிறத்தையா? மாறுவது கூரை. அந்தக் கூரை பெயருக்குள் இருந்தாக வேண்டும்.

மற்ற மொழிக்காரர்கள் பார்த்ததும் அதைத்தான். அமெரிக்கர்கள் கன்வர்ட்டிபிள் என்றதைப் பிரிட்டனில் 'டிராப்ஹெட்' என்றார்கள், மேற்பகுதி கீழே இறங்குவது என்ற பொருளில். பிரெஞ்சுக்காரர்களின் 'கேப்ரியோலே' மடக்குக் கூண்டு போட்ட இரண்டு சக்கரக் குதிரை வண்டியின் பெயர். ஆட்டுக்குட்டிபோலத் துள்ளி ஓடியதால் வந்தது. அதன் சுருக்கம்தான் 'கேப்'. 'கேப் புக் பண்ணியாச்சா?' என்று நாம் அன்றாடம் கேட்கிறோமே, அதே கேப்.

> மடிக்கணினி போல மடிக்கூரை என்று வைத்துவிடலாமே அண்ணா?

தம்பி, அந்த 'க்' இடறுகிறது. மடிக்கணினி மடியில் வைக்கும் கணினி. அதேபோல் மடிக்கூரை என்றால் மடியின் மேல் கூரை என்றாகிவிடும். மடிகிற கூரை என்ற பொருள் வேண்டுமானால் ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையாக, வலி மிகாமல், 'மடிகூரை' என்று எழுத வேண்டும். இலக்கணம் சரி. ஆனால் பத்துப் பேர் எழுதினால் ஏழு பேர் 'க்' போட்டுவிடுவார்கள். மக்கள் வாயில் ஏற்கெனவே மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி எல்லாம் இருக்கின்றன. அதனால் என் தேர்வு 'மடக்குக்கூரை'. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நம் குழுவில் வந்த 'படுதாக் கார்' என்ற யோசனை எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. படுதா போட்ட ஜீப்பைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் 1934-லேயே பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் 'எக்லிப்ஸ்' காரில் இரும்புக் கூரை அப்படியே பின்பெட்டிக்குள் போய் மறைந்தது. அதை வடிவமைத்த ஜோர்ஜ் போலன் தொழிலால் பல் மருத்துவர்! படுதாவே இல்லாத காரைப் படுதாக் கார் என்று எப்படிச் சொல்வது?

இனி 'பின்சந்தை'. என் உண்மையான மறுப்பு இதில்தான். கார் விற்ற பிறகு செய்யும் வேலை என்பது அதன் பொருள். இந்தத் தொழிலின் வரலாறு அப்படி இல்லை.

ஜெர்மனியின் ஒஸ்னாப்ரூக் நகரத்துக் கார்மன் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1949 முதல் 1980 வரை ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை மடக்குக்கூரையாக்கி 3,31,847 கார்களைக் கட்டினார்கள். எல்லாமே விற்பனைக்கு முன் நடந்த வேலை, ஃபோக்ஸ்வாகன் முகவர்களே விற்றவை. ஆனால் கட்டியது வெளியார்.

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து வெஸ்டர்ஹாமில் கிரேஃபோர்ட் என்ற பட்டறை 1960-களில் மினியையும் ஃபோர்டு கார்ட்டினாவையும் கூரை அறுத்துக் கொடுத்தது. 1966-ல் ஹைன்ஸ் உணவு நிறுவனம் ஒரு போட்டிக்குப் பரிசாக 57 வுல்ஸ்லி ஹார்னெட் கார்களை அங்கே மாற்றிக் கட்டச் சொன்னது. '57 வகை' என்பது அவர்கள் புட்டிகளில் இருக்கும் விளம்பர வாசகம், அதனால் 57 கார். இங்கே வேலை கொடுத்தது கார் நிறுவனமும் இல்லை, காரை ஓட்டப்போகிறவரும் இல்லை.

அமெரிக்காவில் கதை இன்னும் சுவையானது. கார் கவிழ்ந்தால் பயணிகளைக் காக்கும் விதிகள் கடுமையாகும் என்ற அச்சம் ஒரு பக்கம், ஏசி பரவியதால் குறைந்த விற்பனை மறுபக்கம். 1976-ல் காடிலாக் எல்டொராடோவைக் 'கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள்' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். பெரிய நிறுவனங்கள் விட்ட இடத்தில் வெளிப்பட்டறைகள் புகுந்தன. ஹைன்ஸ் பிரெக்டர் என்ற ஜெர்மானியர் 1965-ல் லாஸ் ஏஞ்சலஸில் வெயில்கூரை (சன்ரூஃப்) பொருத்தத் தொடங்கிய நிறுவனம்தான் 1982-ல் பியூக் ரிவியெராவையும், அடுத்து டொயோட்டா செலிக்காவையும் மடக்குக்கூரையாக்கியது. செலிக்கா ஜப்பானிலிருந்து கூரையோடு கப்பலில் வந்தது, கலிஃபோர்னியாவில் கூரை அறுபட்டது, பிறகுதான் டொயோட்டா முகவரிடம் போனது. இதில் 'பின்' எங்கே இருக்கிறது? செய்த இடம் 'வெளி', அவ்வளவுதான். 1982 கிரைஸ்லர் லீபாரனும் ஒரு வெளிப்பட்டறையில் உருவானதே.

ஆகவே பின்சந்தை வேண்டாம், 'வெளிப்பட்டறை' என்போம். நமக்கு இது புதிதும் இல்லை. கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுகிறார்கள். சேசிஸ் என்ற அடிச்சட்டம் ஓரிடம், கூண்டு வேறிடம். 'கூண்டு கட்டும் தொழில்' என்றே நாளிதழ்களில் பார்க்கிறோம்.

> கூரைநீக்கம் என்று சுருக்கமாகச் சொன்னால் போதாதா?

போதாது. நீக்குவது அந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. சேசிஸ் தனியாக இல்லாத காரில் கூரையும் எலும்புதான். செருப்பு டப்பாவின் மூடியை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். ரம்பத்தைத் தொடும் முன்பே கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். மறந்தால் கூரை பிரிந்ததும் கார் நடுவில் தொய்யும், பிறகு கதவு மூடாது. அதன்பின் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் கனத்த தகடு, அடியில் குறுக்குச் சட்டம், முன்கண்ணாடித் தூணுக்கு உள்வலு. கூரை இல்லாத கார் கூரை உள்ளதைவிட எடை கூடுவது இதனால்தான். இவ்வளவு செய்தும் மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் எங்கோ வலு போதவில்லை என்று பொருள்.

பீட்டிலின் கூரையையே பாருங்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு மெத்தை, உள்துணி, பின்னால் உண்மையான கண்ணாடி. மடக்கினால் பின்னிருக்கைக்கு மேலே மூட்டையாக நிற்கும், ஓட்டுநருக்குப் பின்னால் வரும் வண்டி சரியாகத் தெரியாது. இத்தனை கைவேலையை 'நீக்கம்' என்ற சொல் மறைத்துவிடுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. 'ஆக்கம்' வேண்டும்: மடக்குக்கூரையாக்கம்.

இன்னொரு வேறுபாட்டையும் அகராதியில் காட்டியாக வேண்டும். ஃபெராரி டேட்டோனாவைத் திறந்த காராக நிறுவனமே கட்டியது 120 சொச்சம்தான். கூரையுள்ள டேட்டோனாக்களைக் கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் ஸ்ட்ராமன் போன்றவர்கள் பின்னாளில் அறுத்து மாற்றினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று, ஏலத்தில் விலை வேறு. வாங்குபவர் ஏமாறாமல் இருக்கவாவது இரண்டுக்கும் தனிச்சொல் தேவை. முதலாவது 'ஆலை மடக்குக்கூரை', இரண்டாவது 'வெளிப்பட்டறை மடக்குக்கூரை'. கார்மன் போல நிறுவனமே ஒப்படைத்த வேலையாக இருந்தால் முன்னால் 'ஒப்பந்த' என்று சேர்த்துக்கொள்ளலாம். பேச்சில் 'அறுத்த கார்' என்றால் போதும், பட்டறைக்காரர் உடனே புரிந்துகொள்வார்.

ஒரே ஒரு இடத்தில் இன்னும் தயங்குகிறேன். கூரையே இல்லாத மாட்டுவண்டியை மொட்டை வண்டி என்கிறோம், மாடியைக்கூட மொட்டைமாடி என்கிறோம். மடக்கக்கூடக் கூரை இல்லாத பந்தயக் கார்களுக்கு 'மொட்டைக் கார்' என்று தனிப்பதிவு போடலாமா? எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஐயாவுக்குச் சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தப் பதிவுகளையெல்லாம் அகராதிக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்