பாராலீகல் படிப்பு: கம்யூனிட்டி காலேஜ் போதுமா, செலவுக்கு ஏற்ற வேலை கிடைக்குமா?

செங்கை_வக்கீல்:

வணக்கம். செங்கல்பட்டு கோர்ட்டில் சில வருடம் சிவில் பக்கம் ஜூனியராக இருந்துவிட்டுக் கல்யாணமாகிக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் வந்தவள் நான். பி.ஏ., பி.எல்., தமிழ்நாடு பார் கவுன்சிலில் என்ரோல் ஆகியிருக்கிறேன். எச்4 (எச்1பி விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) ஈஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை, இப்போதுதான் கைக்கு வந்தது, பையனும் கிண்டர்கார்டன் போகப் போகிறான், அதனால் வேலைக்குப் போகலாம் என்று பார்க்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் பாராலீகல் (வக்கீலின் மேற்பார்வையில் சட்ட வேலை பார்ப்பவர்) சான்றிதழுக்கு எட்டாயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள், தவணையில் கட்டலாமாம். கம்யூனிட்டி காலேஜிலோ (இரண்டு வருட அரசுக் கல்லூரி) யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர்தான் என்கிறார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? மலிவாகப் படித்தால் லா ஃபர்மில் மதிப்பார்களா? சொத்து வழக்குகளில் பிளெயின்ட் (வழக்கு மனு) நானே எழுதியிருக்கிறேன், இங்கே ஃபைல் அடுக்கும் வேலைதான் என்றால் இதில் ஒன்றிரண்டு வருடம் போடுவது சரியா? இந்த வழியில் போனவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மீனா_சான்ஹோசே:

தோழி, முதலில் அந்த எட்டாயிரத்தைக் கட்டாதீர்கள். கலிஃபோர்னியாவில் யார் தன்னைப் பாராலீகல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது, பிசினஸ் அண்ட் ப்ரொஃபெஷன்ஸ் கோடு 6450வது பிரிவு, 2001லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்கன் பார் அசோசியேஷன், அதாவது ஏபிஏ, ஒப்புதல் தந்த படிப்பின் சான்றிதழ் ஒரு வழி. சட்டப் பாடங்களில் மட்டும் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட் கேட்கிற அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் சான்றிதழ் இன்னொரு வழி. அதை எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்று சட்டம் கேட்பதில்லை, நான் வேலை பார்த்த எந்த வக்கீலும் கேட்டதில்லை. ஏபிஏ ஒப்புதல் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள், அதைக் கல்லூரி விளம்பரத்தை நம்பாமல் ஏபிஏ தளத்திலுள்ள பட்டியலிலேயே பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் டி அன்சா, வெஸ்ட் வேலி இரண்டிலும் இந்தப் படிப்பு இருக்கிறது.

கணக்குப் போட்டால் 24 யூனிட்டுக்கு 1,104 டாலர். புத்தகம், ஹெல்த் ஃபீஸ், பார்க்கிங் தனி. ஆனால் 46 டாலர் என்பது மாநிலவாசிக்கு மட்டும். நீங்கள் இங்கே வந்து ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும், இங்கேயே இருக்கப்போவதற்கான ஆதாரமும் காட்ட வேண்டும் (எச்4-இல் இருப்பவர்களும் காட்டலாம், சில கவுன்சிலர்களுக்கே இது தெரியாது, விடாமல் கேளுங்கள்). இல்லாவிட்டால் யூனிட்டுக்குப் பல நூறு டாலர் ஆகிவிடும். ஊர் மார்க் ஷீட்டை முன்கூட்டியே மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பொதுப் பாடங்களைத் திரும்பப் படிக்கிற வேலை பெரும்பாலும் மிச்சமாகும்.

ஃபைல் அடுக்குவது பற்றிக் கேட்டீர்கள். நான் லிட்டிகேஷன், அதாவது கோர்ட் வழக்குகளைப் பார்க்கிற பாராலீகல். இங்கே வழக்கின் முக்கால்வாசி டிஸ்கவரியில்தான், அதாவது விசாரணைக்கு முன் இரு தரப்பும் தகவலும் ஆவணமும் கேட்டு வாங்குவதில்தான் நடக்கிறது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலும் இதற்கு ஆர்டர் 11 இருக்கிறது, ஆனால் ஊரில் எத்தனை வழக்கில் அதைக் கையில் எடுத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இங்கே எதிர்த்தரப்பு இன்டராகேட்டரி (எழுத்தில் கேட்கும் கேள்விகள்) அனுப்பினால் பதிலுக்கு 30 நாள். மாநிலத்துக்குள் தபாலில் வந்திருந்தால் கூடுதலாக 5 நாள், மின்னஞ்சலில் வந்திருந்தால் கூடுதலாக 2 கோர்ட் நாள். இதைத் தவறவிட்டால் ஆட்சேபணை சொல்லும் உரிமையே போய்விடும். அந்தத் தேதியைக் காலண்டரில் ஏற்றுவது, கட்சிக்காரரை விரட்டி ஆவணம் வாங்குவது, பதிலின் முதல் டிராஃப்ட் எழுதுவது எல்லாம் என் வேலை. கையெழுத்தும் கோர்ட்டில் பேசுவதும் வக்கீலுடையது. பிளெயின்ட் எழுதிய கைக்கு இது கஷ்டமில்லை, ஆனால் கோர்ட்டில் எழுந்து நிற்க முடியாதது உங்களுக்கு வலிக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இமிக்ரேஷன்_டெஸ்க்:

மீனா சொன்னது சரிதான், ஆனால் மூன்றாவது வழி ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம், அதோடு ஒரு வக்கீலின் மேற்பார்வையில் ஒரு வருடச் சட்ட வேலை. அந்த வக்கீல் குறைந்தது மூன்று வருடமாக ஸ்டேட் பாரில் (இங்குள்ள வக்கீல்கள் பதிவாகும் அமைப்பு) ஆக்டிவ் உறுப்பினராக இருந்து, இவர் தகுதியானவர் என்று எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். எனவே லீகல் அசிஸ்டன்ட், ரிசப்ஷன், எந்தப் பெயரில் கிடைத்தாலும் உள்ளே நுழைந்துவிடுங்கள், படிப்பை மாலையில் வைத்துக்கொள்ளலாம். ஃபீஸைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், உண்மையான செலவு குறைந்த சம்பளத்தில் ஓடுகிற அந்த முதல் வருடம்தான். சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குடியேற்றச் சட்ட அலுவலகங்களைப் பாருங்கள். நம் ஆட்கள் ஃபைலில் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது, பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். யாரிடம் அஃபிடவிட் வாங்க வேண்டும், நகராட்சியில் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெர்ம் (கிரீன் கார்டுக்காக முதலாளி வாங்கும் தொழிலாளர் சான்று) ஃபைலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் ஜாப் ஆர்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் சேர்த்து வைக்கிற பொறுமை இருந்தால் போதும்.

சம்பளம்: நாடு முழுக்கப் பார்த்தால் 2024 மே மாத அரசுக் கணக்கில் நடுமட்டம் வருடத்துக்கு 61,010 டாலர். பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) கூடுதல், வாடகையும் கூடுதல். அடுத்த பத்து வருடத்தில் புது இடங்கள் பெரிதாக உருவாகாது என்றுதான் அரசுக் கணிப்பு, விலகிப் போகிறவர்களின் இடங்கள்தான் வரும். அதனால் கடன் வாங்கி இதைப் படிக்கவே கூடாது. ஓவர்டைம் உண்டா என்றும் கேளுங்கள், பொதுவாகப் பாராலீகலுக்கு அது சட்டப்படி உண்டு.

ராகவன்_சாக்ரமெண்டோ:

சகோதரி, பி.எல். முடித்து என்ரோல் ஆனவர் நீங்கள், பாராலீகலோடு ஏன் நிற்க வேண்டும்? வெளிநாட்டில் வக்கீலாகப் பதிவாகி இருப்பவர் ஜே.டி. (இங்குள்ள சட்டப் பட்டம்) படிக்காமலே கலிஃபோர்னியா பார், அதாவது வக்கீலாவதற்கான தேர்வு, எழுதலாம். பல மாநிலங்களில் எல்எல்.எம். (சட்ட முதுகலை) கேட்பார்கள், இங்கே அது கட்டாயமில்லை. ஒரு நாள் அட்டர்னி தேர்வு அமெரிக்காவின் மற்ற மாநில வக்கீல்களுக்கு மட்டும், நீங்கள் முழு இரண்டு நாள் தேர்வு எழுத வேண்டும். கடினம்தான், இங்கே படித்தவர்களே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ஆனால் பார் கவுன்சில் பதிவு நல்ல நிலையில் இருப்பதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், அதற்கே நாளாகும்.

செங்கை_வக்கீல்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. தனியார் நிறுவனத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரெசிடென்சிக்கு, அதாவது மாநிலவாசி என்று காட்ட, லீஸ், டாக்ஸ் ரிட்டர்ன், டிரைவிங் லைசென்ஸ் மூன்றும் இருக்கிறது, போதுமா? அப்புறம், பேட்டியில் ஈஏடி பற்றி நானே சொல்லலாமா?

இமிக்ரேஷன்_டெஸ்க்:

லீஸில் உங்கள் பெயரும் இருந்தால் நல்லது, போதும் என்றுதான் நினைக்கிறேன், அட்மிஷன்ஸில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொன்னால் போதும். கார்டு காலாவதி தேதியை மட்டும் நினைவில் வைத்து, ரினியூவலை எவ்வளவு சீக்கிரம் அனுப்ப முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.