பெட்டியை மாட்டினால் மைலேஜும் கூடுமாம்!

அச்சாணி:
மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், முடியவில்லை. "என் டீசல் பிக்கப்பில் டியூனர் மாட்டினேன், 40 குதிரைத்திறன் கூடியது, மைலேஜும் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடியது" என்று டார்க் தம்பி எழுதியிருக்கிறார். கீழே வரிசையாக "அருமை தம்பி", "நானும் வாங்குகிறேன்". குதிரையை விடுங்கள். டீசலை அதிகமாக ஊற்றினால் குதிரை தானாக வரும். அந்த 2 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது? ஒரே கேள்விதான் கேட்கிறேன்: டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து அளந்தீர்களா, இல்லை டாஷ்போர்டைப் பார்த்து எழுதினீர்களா?

டார்க் தம்பி:
வணக்கம் அண்ணா. டாஷ்போர்டுதான். முன்பு 11.2 காட்டும், இப்போது 13.1 காட்டுகிறது. அதே சாலை, அதே ஓட்டுநர், அதே சுமை. வண்டி செய்த நிறுவனமே வைத்த மீட்டரை நம்பக் கூடாது என்றால் வேறு எதை நம்புவது?

அச்சாணி:
இதைத்தான் எதிர்பார்த்தேன். டேங்கை நிரப்பி அளக்கவில்லை. முடிந்தது கதை.

பொறுமைசாலி:
ஒரு சின்னச் சந்தேகம். டியூனர் என்று எதைச் சொல்கிறீர்கள்? சென்சார் வயருக்கு நடுவில் மாட்டும் பெட்டியா, இசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள மேப்பையே, அதாவது எப்போது எவ்வளவு டீசல் என்ற அட்டவணையையே, மாற்றும் ரீமேப்பா, ஆக்சிலரேட்டர் பெடலில் மாட்டும் சாதனமா? மூன்றும் வேறு வேறு. பெடல் சாதனம் சக்தியைக் கூட்டவே கூட்டாது. காலை லேசாக வைத்தாலும் நிறைய மிதித்ததாக இசியூவிடம் சொல்லும், அவ்வளவுதான். முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் நல்லது.

மலைப்பாதை:
அச்சாணி சாருக்கு டியூனர் என்றாலே அலர்ஜி. நான் டிரெய்லர் இழுக்கிறேன். மாட்டுவதற்கு முன் ஏற்றத்தில் மூன்றாவது கியருக்கு இறங்கி, இன்ஜின் கத்தக் கத்த ஏறுவேன். இப்போது நான்காவதிலேயே ஏறுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்றில் டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) 100 நியூட்டன் மீட்டர் கூடுதல் என்றால் அங்கேயே சுமார் 28 குதிரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 பெருக்கல் 2000 வகுத்தல் 9549, வருவது சுமார் 21 கிலோவாட், அதுதான் அந்த 28 குதிரை. கியர் இறக்காமல் குறைந்த சுற்றில் ஓட்டினால் டீசல் மிச்சமாகாதா?

அச்சாணி:
28 குதிரையை நான் மறுத்தேனா? மேலே ஏறிப் படியுங்கள். மைலேஜைக் கேட்டேன். டேங்கை நிரப்பி அளந்தீர்களா?

சரி, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 22 வருடம் டீசல் இன்ஜினின் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் வேலை பார்த்த கை இது. காமன் ரெயில் இன்ஜினில், எல்லா நாசிலுக்கும் அழுத்தத்தோடு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலின் முனையில் ஒரு பிரஷர் சென்சார் இருக்கும். பிரஷருக்கு ஏற்றபடி அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரை இசியூவுக்கு அனுப்பும். இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்த வோல்ட்டைக் குறைத்துச் சொல்லும். ரெயிலில் 1600 பார் அழுத்தம் இருக்கும்போது "1450தான் இருக்கிறது" என்று இசியூ நம்பும். ஐயோ குறைகிறதே என்று பம்பை மேலும் அழுத்தச் சொல்லும். நாசில் முன்பு போல அதே அளவு நேரம்தான் திறந்திருக்கிறது, பிரஷர் கூடியதால் டீசல் அதிகம் இறங்குகிறது. குதிரை வந்தது இப்படித்தான்.

இப்போது கவனியுங்கள். டாஷ்போர்டு மைலேஜை யார் சொல்வது? டேங்கில் யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. "இத்தனை மில்லி கொடுக்கச் சொன்னேன்" என்ற தன் கணக்கை வைத்து இசியூதான் சொல்கிறது. இசியூவுக்குத் தெரியாமல் இறங்கும் டீசல் அந்தக் கணக்கிலேயே வராது. அதாவது, கணக்குப்பிள்ளையை ஏமாற்றிவிட்டு, அவனிடமே போய் "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கிறீர்கள்.

கரும்புகை:
அருமை அண்ணா. கணக்குப்பிள்ளை விஷயம் சூப்பர்.

டார்க் தம்பி:
கணக்குப்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அண்ணனின் கணக்கு? நாசிலில் இறங்கும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 1600 வகுத்தல் 1450, அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 1.05. ஐந்து சதவீதம். 11.2க்கு ஐந்து சதவீதம் கூட்டினால் 11.8 கூட வரவில்லை. எனக்குக் காட்டுவது 13.1. மீதியை எந்தக் கணக்குப்பிள்ளை தின்றான்?

அச்சாணி:
1600, 1450 என்பது உதாரணம் தம்பி. உங்கள் பெட்டியை எத்தனாவது செட்டிங்கில் வைத்திருக்கிறீர்கள்? 7ஆ? அது இசியூவிடம் எவ்வளவு பொய் சொல்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதோடு போன மாதம் டயர் மாற்றினேன் என்று படம் போட்டது யார்? 265/65 போய் 265/70. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

டார்க் தம்பி:
அண்ணா, அவசரப்பட்டுவிட்டீர்கள். 17 இஞ்ச் ரிம்மில் 65 என்றால் டயர் விட்டம் 776 மில்லிமீட்டர், 70 என்றால் 803. பெரிய டயர் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாகத்தான் சுற்றும், ஓடோமீட்டர் குறைத்துத்தான் காட்டும். அப்படியானால் உண்மையான மைலேஜ் 13.1க்கும் மூன்றரை சதவீதம் கிட்ட *மேலே*. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். உங்கள் வாதம் உங்களையே தள்ளிவிட்டது.

மலைப்பாதை:
ஹா ஹா. 22 வருட கை!

அச்சாணி:
சிரியுங்கள். டேங்கை நிரப்பி அளந்தீர்களா?

பழைய டீசல்:
டேங்க் கணக்கு மட்டும் வேதவாக்கா? டீசல் நுரைக்கும். ஒரு பெட்ரோல் பங்கில் ஊற்றும் நாசில் சீக்கிரம் நிற்கும், இன்னொன்றில் லேட்டாக நிற்கும். வண்டி லேசாகச் சாய்ந்து நின்றால்கூட அளவு மாறும். 60 லிட்டரில் 2 லிட்டர் தப்பினால் மூன்று சதவீதத்துக்கு மேல் போச்சு. நீங்கள் பிடித்துக்கொண்டு சண்டை போடும் அந்த ஐந்து சதவீதத்தில் பாதிக்கு மேல் இதிலேயே கரைந்துவிடும். பத்து டேங்க் நிரப்பி சராசரி எடுத்தால் பேசலாம்.

அச்சாணி:
நான் அளக்கும் விதம் வேறு. அதே பங்க், அதே இயந்திரம், தானாக நின்றதும் கையை எடுத்துவிடுவேன். அதற்கு மேல் ஒரு சொட்டு அழுத்த மாட்டேன். வாய் வரை ததும்பத் ததும்ப ஊற்றுகிறவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம்.

பழைய டீசல்:
வாய் வரை நிரப்புவதுதான் சரியான முறை. தானாக நிற்பதை நம்பி அளப்பது குருட்டு வேலை.

அச்சாணி:
போன வருடம் ஏர் ஃபில்டர் விவாதத்திலும் இப்படித்தான் பேசினீர்கள். எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டால் "காற்று பிரமாதமாக வருகிறது" என்றீர்கள். அப்புறம் ஏர் ஃப்ளோ சென்சாரில் எண்ணெய் படிந்து, வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடில் நொண்டி வீடு வந்தது யாருடையது?

பழைய டீசல்:
அதை இங்கே இழுக்க வேண்டிய அவசியம் என்ன? அது எண்ணெய் அதிகமாகத் தடவியதால் வந்தது. ஃபில்டரின் தவறு இல்லை. அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

பொறுமைசாலி:
மறுபடியும் கேட்கிறேன். பெட்டியா, ரீமேப்பா? ஏனென்றால் அச்சாணி சொன்ன ஏமாற்று பெட்டிக்குத்தான் பொருந்தும். ஒழுங்காகச் செய்த ரீமேப்பில் எவ்வளவு டீசல் போகிறது என்று இசியூவுக்குத் தெரிந்திருக்கும், மீட்டர் அந்த அளவுக்குப் பொய் சொல்லாது. டீசல் இறங்கும் நேரத்தையும் கொஞ்சம் முன்னால் தள்ளலாம். அதில் திறன் சற்றுக் கூடும், கூடவே நைட்ரஜன் ஆக்சைடும் கூடும்.

கரும்புகை:
எனக்குப் பெட்டியும் வேண்டாம் ரீமேப்பும் வேண்டாம். டிபிஎஃபைக் (புகைக்கரி வடிகட்டி) கழற்றி, ஈஜிஆரை (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வழி) அடைத்துவிட்டேன். பின்னால் வருகிறவனுக்கு ஹெட்லைட் தேவைப்படும். வண்டி பறக்கிறது.

அச்சாணி:
பின்னால் போகும் கறுப்பு என்ன தெரியுமா? அரைகுறையாக எரிந்த உங்கள் டீசல். காசு கொடுத்து வாங்கி, அடுத்தவன் மூக்கில் ஏற்றுகிறீர்கள். இதில் என்னை "அருமை அண்ணா" என்று வேறு சொல்கிறீர்கள். தயவுசெய்து என் பக்கம் நிற்காதீர்கள்.

கரும்புகை:
பாராட்டியது குற்றமா? சரி, வாபஸ்.

மலைப்பாதை:
புகைக்கு எல்லோரும் டியூனர்காரனைத் திட்டுகிறீர்கள். பெரிய நிறுவனங்கள் யோக்கியமா? 2015இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருள். அப்புறம் இன்ஜின் செய்யும் கம்மின்ஸ். 2013 முதல் 2019 வரை வந்த ராம் பிக்கப்களில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்று அமெரிக்க அரசு வழக்குக்குப் போய், 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை! அந்த மீட்டரைத்தான் நம்பச் சொல்கிறீர்களா?

அச்சாணி:
அடடா. மீட்டரை நம்பச் சொன்னது நானா? மீட்டரை நம்பியது உங்கள் கட்சிக்காரர். நம்பாதீர்கள் என்று காலையிலிருந்து கத்துவது நான். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்துவிட்டு வாதாடுங்கள்.

மலைப்பாதை:
நான் பொதுவாகச் சொன்னேன்.

அச்சாணி:
பொதுவாக! சரி, பொதுவாக நானும் ஒன்று சொல்கிறேன். ஏற்றத்தில் நான்காவது கியரிலேயே ஏறுகிறது என்று குதித்தீர்களே, கிளட்ச் என்ன சொல்கிறது? கம்பெனி போட்ட கிளட்ச் கம்பெனி கொடுத்த டார்க்குக்குக் கணக்குப் பண்ணியது. கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். டேக்கோமீட்டர் முள் மேலே ஓடும், வண்டி வேகம் அப்படியே நிற்கும், கருகல் நாற்றம் வரும். வந்திருக்குமே?

மலைப்பாதை:
கிளட்ச் போன மாதம்தான் மாற்றினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது.

அச்சாணி:
ஓஹோ.

மலைப்பாதை:
என்ன ஓஹோ? எல்லா வண்டிக்கும் கிளட்ச் தேயும்.

அச்சாணி:
ஒன்றுமில்லை. ஓஹோ.

அப்படியே எக்ஸாஸ்ட் வெப்பத்தையும் பாருங்கள். டர்போவுக்கு முன்னால் ஒரு மானி மாட்டினீர்களா? சுமையோடு நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரியைத் தாண்டி நின்றால் நல்லதல்ல. பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியம் உருகுவது 660இல். எண்ணெய் அடியிலிருந்து பீய்ச்சிக் குளிரவைப்பதால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. பிஸ்டன் உச்சியில் விளிம்பு கரைந்து, எலி கடித்த ரொட்டி மாதிரி வந்ததை இந்தக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்காரரும் முதல் நாள் "சூப்பரா போகுது" என்றுதான் சொன்னார்.

பொறுமைசாலி:
அது பெட்டி மாட்டிய வண்டியா, ரீமேப்பா?

டார்க் தம்பி:
அண்ணா பயமுறுத்தட்டும். நான் இன்று டேங்க் நிரப்பி அளந்துவிட்டேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே. 696 கிலோமீட்டர், 60 லிட்டர். 11.6.

அச்சாணி:
13.1 எங்கே போனது?

டார்க் தம்பி:
டாஷ்போர்டு இன்றும் 13.1தான் காட்டுகிறது. அது கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 11.6 என்பது பழைய 11.2ஐ விட அதிகம்தானே? மைலேஜ் கூடியிருக்கிறது. நான் சொன்னது நிரூபணம்.

அச்சாணி:
தம்பி, அந்த 11.2 டாஷ்போர்டு காட்டியது. 11.6 டேங்க் காட்டியது. பெட்டி மாட்டுவதற்கு முன் ஒரு தடவையாவது டேங்கில் அளந்தீர்களா? இல்லை. படியில் அளந்த அரிசியையும் தராசில் நிறுத்த அரிசியையும் வைத்துக்கொண்டு எது அதிகம் என்று சண்டை போடுகிறீர்கள்.

டார்க் தம்பி:
அப்படியானால் உங்கள் டயர் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். ஓடோமீட்டர் மூன்றரை சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. 696 என்பது உண்மையில் 720. லிட்டருக்கு 12. நீங்களே கொண்டுவந்த கணக்கு, இப்போது கசக்கிறதா?

பழைய டீசல்:
12 என்றால் நல்ல மைலேஜ்தான். தம்பி ஜெயித்துவிட்டார்.

கரும்புகை:
பெட்டி எந்த கம்பெனி தம்பி? தனியாகச் சொல்லுங்கள்.

பொறுமைசாலி:
அப்போது பெட்டிதானா? இதைத்தானே மேலே இரண்டு தடவை கேட்டேன்.

அச்சாணி:
யாரும் ஜெயிக்கவில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு, அதே டயரில், அதே சாலையில் ஒரு டேங்க் ஓட்டிக் காட்டட்டும். அதுவரை இது செல்லாது. தம்பி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். 60 லிட்டர் என்றீர்களே, நாசில் தானாக நின்ற பிறகு எத்தனை தடவை அழுத்தினீர்கள்?

டார்க் தம்பி:
இரண்டு. ரவுண்டாக வரட்டும் என்று.

அச்சாணி:
ரவுண்டாக!

பழைய டீசல்:
நான்தான் அப்போதே சொன்னேனே, வாய் வரை நிரப்பியிருக்க வேண்டும் என்று.

அச்சாணி:
நீங்கள் முதலில் அந்த சென்சாரைத் துடைத்துவிட்டு வாருங்கள்.