நம்ம வீட்டு குரூப்: இன்வெர்ட்டருக்கு இரண்டாவது பேட்டரி

[சனி, மாலை 6:40]

நான்: மாடி வீட்டுக்காரர் வீடு மாறிப் போகிறார். அவருடைய இன்வெர்ட்டர் பேட்டரியை எங்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் வகை, எங்களுடையதும் அதே 150தான். இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு நேரம் வரும் இல்லையா? மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் இருட்டில் உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை.

சித்தி: நல்லதுப்பா. தாத்தாவுக்கு நெபுலைசர் வைக்கும் நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று எனக்கும் கவலைதான்.

நான்: ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸில் கொடுத்து, மீதி இரண்டு முனையையும் இன்வெர்ட்டருக்குக் கொடுத்தால் சரிதானே? டிவி ரிமோட்டில் அப்படித்தானே இருக்கிறது.

பெரியப்பா: கை வைக்காதேடா.

பெரியப்பா: இன்வெர்ட்டரில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 12 வோல்ட்டா 24 வோல்ட்டா, படித்துச் சொல்.

நான்: 900 விஏ, 12 வோல்ட் டிசி.

பெரியப்பா: நீ சொன்னது சீரிஸ். ரிமோட்டில் ஒன்றரை வோல்ட் செல் இரண்டு சேர்ந்து 3 வோல்ட். அதற்கு வேண்டியதும் 3தான். உன் இன்வெர்ட்டருக்கு வேண்டியது 12. இப்படிக் கட்டினால் 24 போய் நிற்கும், போர்டு எரிந்துவிடும்.

பெரியப்பா: நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்தபோது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து கேபிள் கொடுத்துவிட்டார். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, சீரிஸில். காரில் ஹெட்லைட் போட்டபடியே இருந்தது. ஒரு நொடி பளீரென்று வெள்ளையாக எரிந்தது, அப்புறம் இரண்டு பல்பும் கறுத்துவிட்டன. ரேடியோவும் போச்சு. அந்தக் கருகல் வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

தம்பி: அண்ணா, பேரலல் போடணும். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். வோல்ட் 12லேயே இருக்கும், ஏஹெச் 300 ஆகும்.

அக்கா: எங்கள் வீட்டில் இரண்டு பேட்டரி சீரிஸில்தானே இருக்கிறது? எதில் அதிக நேரம் வரும் பெரியப்பா?

பெரியப்பா: இரண்டிலும் ஒன்றுதான்மா. 24 × 150 என்றாலும் 3600 வாட் ஹவர், 12 × 300 என்றாலும் 3600. உங்களுடையது பெரிய இன்வெர்ட்டர், 24 வோல்ட் கேட்கிறது. 1200 வாட் இழுக்க 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓட வேண்டும், 24இல் 50 போதும். ஆம்பியர் பாதியானால் அதே ஒயரில் சூடு கால்வாசிதான். அதனால்தான் உங்களுக்கு சீரிஸ்.

நான்: அப்போது நான் பேரலலில் போட்டுவிடவா?

பெரியப்பா: அவருடையது எத்தனை வருஷம்?

நான்: 5 வருஷமாம். எங்களுடையது போன தை மாதம் வாங்கியது.

பெரியப்பா: அவசரப்படாதே. ராத்திரி முழுக்க மாடியிலேயே சார்ஜில் இருக்கட்டும். காலையில் கழற்றச் சொல்லி, நாலு மணி நேரம் விட்டு மல்டிமீட்டர் வை.

[ஞாயிறு, பகல் 12:15]

நான்: 10.6 காட்டுகிறது.

பெரியப்பா: ஒரு செல் ஷார்ட். 12 வோல்ட் பேட்டரிக்குள் 2 வோல்ட் செல் ஆறு இருக்கும், உள்ளேயே சீரிஸில். முழு சார்ஜில் 12.6, 12.7 காட்ட வேண்டும். ஒன்று போனால் அந்த இரண்டு வோல்ட் அப்படியே குறையும். இதைப் புதியதோடு பேரலலில் கட்டினால், கட்டிய நொடியிலிருந்து புதியதன் சார்ஜ் பழையதற்குள் கொட்டும். மிச்ச ஐந்து செல்லும் கொதிக்கும், தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் கேஸ் வரும். தாத்தா படுக்கிற அறையில் வைக்கவில்லையே?

நான்: இல்லை, பால்கனியில்தான்.

தம்பி: சீரிஸில் பழையதும் புதியதும் சேர்க்கலாமா பெரியப்பா?

பெரியப்பா: கூடாது. சீரிஸில் இரண்டிலும் ஒரே ஆம்பியர்தான் ஓடும். பலவீனமானது முதலில் காலியாகும், இன்வெர்ட்டர் அத்தோடு நின்றுவிடும். மற்றதில் பாதி சார்ஜ் இருந்தும் பயனில்லை. வாங்கினால் ஒரே கம்பெனி, ஒரே ஏஹெச், சேர்த்தே வாங்க வேண்டும்.

அக்கா: எங்களுக்குப் போன வருஷம் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். இப்போது இரண்டு மணி நேரம்கூட நிற்பதில்லை!

பெரியப்பா: இரண்டையும் தனித்தனியாக மீட்டரில் பார்த்து எனக்கு அனுப்பும்மா.

சித்தி: அப்போது தாத்தாவுக்கு என்ன வழி?

பெரியப்பா: இருக்கிற ஒரு பேட்டரியே 1800 வாட் ஹவர். நஷ்டம் போக 1400 வைத்துக்கொள். ஒரு ஃபேன் 75 வாட், இரண்டு எல்இடி லைட் சேர்த்து 40. பத்து மணி நேரத்துக்குக் குறையாது. நெபுலைசர் கால் மணி நேரம்தான் ஓடும், அது பெரிய செலவில்லை. ஃப்ரிட்ஜை அந்த லைனில் போட்டிருக்கிறாயா?

நான்: ஆமாம் பெரியப்பா.

பெரியப்பா: அதை முதலில் எடு. பேட்டரியைத் தின்பது அதுதான்.

நான்: இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். கையோடு எங்கள் பேட்டரி டெர்மினலில் பூத்திருப்பதையும் கழற்றித் துடைக்கட்டுமா?

பெரியப்பா: மைனஸை முதலில் கழற்று, மாட்டும்போது அது கடைசி. ஸ்பேனர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்று. மோதிரம், காப்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது.

[பகல் 1:05]

நான்: டேப் சுற்றிவிட்டேன். மோதிரத்தை அம்மாவிடம் கொடுத்தாயிற்று.