முழுக்காசும் கட்டின பிறகும் கடனட்டையில் வட்டி வந்திருக்கு, உதவி தேவை

கம்பஸ் பெடியன்:
வணக்கம், அவசரம். கிரெடிட் காட் பில் முழுவதும் கட்டிவிட்டேன், கடைசித் திகதிக்கு முதல் நாளே. அதற்குப் பிறகு காட்டை ஓரிடத்திலும் இழுக்கவில்லை. இப்போது வந்த ஸ்டேட்மென்ட்டில் 839 ரூபா 15 சதம் வட்டி என்று போட்டிருக்கிறது. பாங்குக்கு எடுத்தால் பாட்டுத்தான் போகுது. இது களவு இல்லையா? எங்கே முறைப்பாடு செய்வது? நாளைக்கு எக்ஸாம், கெதியாகச் சொல்லுங்கோ.

தட்டாதெருவான்:
எப்போது என்ன வாங்கினீர்கள், எவ்வளவுக்கு, வட்டி வீதம் என்ன? ஒன்றுமே சொல்லாமல் களவு என்றால் நாங்கள் என்ன சாத்திரமா பார்ப்பது.

நல்லூர்க் காகம்:
இது வட்டியாக இருக்காது தம்பி. படம் பார்க்கிற சந்தா, பாட்டுக் கேட்கிற சந்தா என்று ஏதாவது வைத்திருப்பீர்கள், அது டொலரில் கழியும், மேலே முத்திரைத் தீர்வையும் சேரும். என் மச்சானுக்கும் அப்படித்தான் ஒவ்வொரு மாதமும் போய்க்கொண்டிருந்தது, அவர் பாங்கைத் திட்டிக்கொண்டு திரிந்தார்.

கம்பஸ் பெடியன்:
சந்தா ஒன்றும் இல்லை அண்ணா. வட்டி என்றே எழுதியிருக்கு.

சுண்டுக்குளிச் சைக்கிள்:
லீவு நாளில் கட்டியிருப்பீங்கள். சனி, ஞாயிறு, போயா என்றால் காசு அடுத்த வேலை நாள்தான் பதிவாகும். நான் எழுதித் தருகிறேன், இதுதான் காரணம்.

கணக்குப்புலி:
இதே கேள்விக்கு நான் இங்கே பலமுறை எழுதியாயிற்று, தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. முதலில் ஒன்று கேட்கிறேன், கம்பஸில் படிக்கிற உமக்குக் கடனட்டை எதற்கு? மகாபொல உதவித்தொகை 7500 ரூபாவுக்குள் வாழப் பழகும். வருமானம் இல்லாதவருக்கு எந்த வங்கி காட் கொடுத்தது என்பதே எனக்குச் சந்தேகம். இப்போது உமது பெயர் கடன் தகவல் பணியகமான கிரிப்பில் கறுப்புப் பட்டியலுக்கும் போயிருக்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது தெரியும்.

கோண்டாவில் அக்கா:
கணக்குப்புலி அண்ணை, பிள்ளையைப் பயப்படுத்தாதேங்கோ. தம்பி, நான் முன்பு வங்கியில் காட் பகுதியில் வேலை செய்தவள். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: இதற்கு முந்திய மாத பில்லுக்கு எவ்வளவு கட்டினீர்கள்? ஏரிஎம்மில் அந்தக் காட்டால் காசு எடுத்தீர்களா? காட் உங்கள் பெயரிலா, வீட்டில் யாருடையதுக்கும் மேலதிக அட்டையா?

கம்பஸ் பெடியன்:
அப்பாவின் காட்டுக்கு மேலதிக அட்டை. காசு எடுக்கவில்லை. ஏப்ரல் 5 ஃபோன் வாங்கினேன், 60,000 (காட் என்றால் 3 வீதம் கூட என்றார்கள் கடையில், அதையும் சேர்த்துத்தான்). பில் 20ஆம் திகதி வரும். மே 10 மினிமம் 3000 கட்டினேன். மே 20 பில்லில் வட்டி 1901.92 போட்டு மொத்தம் 58,901.92. அதை ஜூன் 9 ஒரு சதம் விடாமல் கட்டியாச்சு. ஆண்டு வட்டி 26 வீதம் என்று இருக்கு. இது போதுமா?

தட்டாதெருவான்:
மினிமம் கட்டின கதையை இப்போதுதான் சொல்கிறீர்கள்!

கோண்டாவில் அக்கா:
இனிக் கணக்குச் சரிவரும். வட்டியில்லாக் காலம் என்று சொல்வது, வந்த பில்லை முழுதாகக் கட்டுகிறவருக்கு மட்டும்தான். நீங்கள் 3000 கட்டியதும் அந்தச் சலுகை போய்விட்டது. வங்கி ஏப்ரல் 5க்கே திரும்பிப் போய், ஃபோன் வாங்கிய நாளிலிருந்து நாளுக்கு நாள் வட்டி போடும். 60,000க்கு 26 வீதம் என்றால் ஒரு நாளுக்கு 42 ரூபா 74 சதம், மே 10 வரை 35 நாள், 1495.89. பிறகு மிச்சம் 57,000க்கு மே 20 வரை 10 நாள், 406.03. கூட்டிப் பாருங்கள், உங்கள் 1901.92 வரும்.

இப்போது 839க்கு வருவோம். மே 20 பில் அடித்ததோடு வட்டி நிற்காது, நீங்கள் காசு கட்டும் நாள் வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். மே 20 இலிருந்து ஜூன் 9 வரை 20 நாள், 58,901.92க்கு நாளுக்கு ஏறத்தாழ 41 ரூபா 96 சதம், மொத்தம் 839.15. சதம் கூடப் பிசகவில்லை. அந்த 20 நாள் வட்டியை மே பில்லில் போட்டிருக்க முடியாது, ஏனென்றால் நீங்கள் எப்போது கட்டுவீர்கள் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. எங்கள் கவுன்டருக்கு இந்தச் சண்டையோடு வராத மாதம் இல்லை.

களவு இல்லை, ஆனால் விற்கும்போது இதை யாரும் வாய் திறந்து சொல்வதுமில்லை. இந்த 839ஐ இன்றைக்கே கட்டுங்கள். கோபத்தில் விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் வேறு வந்து ஏறும், அது இந்த வட்டியை விடப் பெரிதாக இருக்கக்கூடும். அடுத்த பில் சைபர் என்று வரும் வரை காட்டைத் தொடாதேங்கோ, இப்போது வாங்கினால் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடக்கூடும்.

சுண்டுக்குளிச் சைக்கிள்:
லீவு நாளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன்.

கணக்குப்புலி:
நான் சொல்ல வந்ததும் இதுதான். கிரிப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?

கோண்டாவில் அக்கா:
சொல்கிறேன். கிரிப் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நிறுவனம், அதில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. ஒழுங்காகக் கட்டியதும் பிந்திக் கட்டியதும் இரண்டும் பதிவாகும், கடன் கொடுப்பதா இல்லையா என்பது வங்கியின் முடிவு. மினிமத்தை நேரத்துக்குக் கட்டியவர் நிலுவைக்காரர் இல்லை. ஆனால் தம்பி, இது மேலதிக அட்டை, நீங்கள் பிந்தினால் கேள்வி அப்பாவிடம்தான் போகும். அவரிடம் சொல்லி, பில் தானாகவே கணக்கிலிருந்து கழியும்படி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். படிவத்தில் மினிமமா முழுத்தொகையா என்று கேட்பார்கள், அந்த இடத்தில் கவனம்.

நல்லூர்க் காகம்:
இதுக்கெல்லாம் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்திருந்தால் வட்டி குறைவு.

தட்டாதெருவான்:
ஃபோனுக்குச் சங்கிலி அடகா? நல்லாயிருக்கு உங்கள் யோசனை. அது கிடக்கட்டும், கடையில் 3 வீதம் கூட எடுத்தார்கள் என்றாரே, அதை ஒருவரும் கவனிக்கவில்லையா? அப்படி எடுக்கக்கூடாது என்று மத்திய வங்கியே அறிவித்திருக்கிறது. பற்றுச்சீட்டோடு காட் கொடுத்த வங்கிக்கு முறைப்பாடு செய்யலாம். அவர்கள் அசையாவிட்டால் மத்திய வங்கிக்கு 1935 என்ற எண்ணில் எடுக்கலாம்.

கஸ்தூரியார் வீதி முதலாளி:
சொல்வது சுகம். ஒவ்வொரு தரம் காட் இழுக்கும்போதும் பாங்க் எங்களிடம் கழிக்கிறது, காசும் உடனே கைக்கு வராது. ஃபோனில் எங்களுக்கு லாபமே அவ்வளவுதான். காசு என்றால் ஒரு விலை, காட் என்றால் ஒரு விலை, விருப்பமில்லாதவர் வேறு கடை பார்க்கலாம்.

தட்டாதெருவான்:
காட் மெஷின் வாங்கும்போது கூடுதலாக எடுக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்துத்தானே வாங்குகிறீர்கள்? கட்டாது என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுங்கள். வாசலில் காட் ஏற்கப்படும் என்று ஒட்டிவிட்டு உள்ளே போனால் வேறு விலையா?

கஸ்தூரியார் வீதி முதலாளி:
நீங்கள் ஒருநாள் கடை நடத்திப் பாருங்கள்.

நல்லூர்க் காகம்:
முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கு. ஆனால் அந்த 3 வீதத்துக்குப் பில் கொடுக்கிறீர்களா?

கணக்குப்புலி:
இழை தலைப்பை விட்டுப் போய்விட்டது. கடைச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள்.

கம்பஸ் பெடியன்:
839 கட்டியாச்சு. அப்பாவுக்கும் சொல்லியாச்சு, ஏச்சு விழுந்தது. அக்காவுக்கு நன்றி. எக்ஸாம் பரவாயில்லை.

தட்டாதெருவான்:
தம்பி, கடைப் பில்லில் அந்த 3 வீதம் தனியாகப் போட்டிருக்கா, விலையோடு சேர்த்தா? முறைப்பாட்டுக்கு அது வேணும்.

தட்டாதெருவான்:
தம்பி?