ஆஃப்னா ஆஃப்தானே?

பைபாஸ்_பாண்டி: "போன்ல லொகேஷன் ஹிஸ்டரியை (நாம போன இடமெல்லாம் பதியுற வசதி) ஆஃப் பண்ணிட்டா கூகுளுக்கு நம்ம இடம் தெரியாது, சும்மா பயமுறுத்தாதீங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். காபி புரைக்கேறிடுச்சு. 2018-லயே அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதைப் போட்டு உடைச்சாச்சு சார். அதை ஆஃப் பண்ணாலும் நம்ம தேடலையும் ஆப் பயன்பாட்டையும் பதியுற 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'ன்னு இன்னொரு சுவிட்ச் தனியா ஓடிட்டிருந்தது. மேப்பைத் திறந்தாலே இடம் பதிவாகும். இதுக்காக 2022-ல கூகுள் அமெரிக்காவுல 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டாங்க. தர்மத்துக்கா?

கணினிக்_கண்ணன்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். 18 வருஷமா நெட்வொர்க் வேலை பாக்குறேன், ஆஃப்னா ஆஃப். அது அமெரிக்கா. என் போன் இருக்கிறது திண்டுக்கல்ல.

பைபாஸ்_பாண்டி: திண்டுக்கல்லுக்குன்னு தனி சுவிட்ச் செஞ்சு அனுப்பினாங்களோ? பூட்டு ஊர்க்காரர் வாசலை மட்டும் பூட்டிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டிருக்கீங்க.

மல்லிகா_வேளச்சேரி: தெரிஞ்சுட்டுப் போகட்டுமே. மேப்ல எந்த ரோடு நெரிசல்ல சிவப்பா இருக்குன்னு பாத்துதான் ஆபீஸ்லருந்து கிளம்புறேன். எல்லார் போனும் சொல்றதாலதானே அது தெரியுது?

பைபாஸ்_பாண்டி: அந்தச் சிவப்பை ரொம்ப நம்பாதீங்கக்கா. 2020-ல பெர்லின்ல சைமன் வெக்கெர்ட்னு ஒரு கலைஞர் 99 போனைக் கைவண்டியில போட்டு இழுத்துட்டுப் போனார். காலியா கிடந்த தெரு மேப்ல சிவப்பாயிடுச்சு! குடுக்கிறவங்க குடுங்க, நான் கேக்கல. குடுக்கலன்னு நெனச்சுட்டுத் திரியுறாரே, அவரைத்தான் கேக்குறேன். கண்ணன் சார், உங்க கணக்குல ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறங்க. பரோட்டா கடை தேடின வரியில விவரத்தை அமுக்குங்க. ஏரியா மேப் வருதா?

கணினிக்_கண்ணன்: 2023 டிசம்பர்லயே டைம்லைனை, அதான் லொகேஷன் ஹிஸ்டரியில சேர்ற பதிவை, போனுக்குள்ளயே வச்சுக்கலாம்னு அறிவிச்சாச்சு. நீங்க இன்னும் பழைய பேப்பரையே படிச்சிட்டிருங்க.

பைபாஸ்_பாண்டி: அது டைம்லைன். நான் கேட்டது ரெண்டாவது சுவிட்ச். பாத்தீங்களா?

கணினிக்_கண்ணன்: ஆஃப்னா ஆஃப். போன வருஷம் நீங்க சிபாரிசு பண்ணி நான் வாங்கின பவர் பேங்க் மூணே மாசத்துல இட்லி மாதிரி உப்பிடுச்சு. அதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

பைபாஸ்_பாண்டி: வெயில்ல கார் டேஷ்போர்டு மேல வச்சா உப்பாம? போட்டோ போட்டீங்களே, மறந்துடுச்சா? சுவிட்ச் பாத்தீங்களா?

கணினிக்_கண்ணன்: தெரியாத்தனமா உங்களைப் போய் நம்பினேன் பாருங்க.

மல்லிகா_வேளச்சேரி: அது எந்த மாடல்? நேத்துதான் ஒண்ணு ஆர்டர் போட்டேன்.